நாளைக்கென்று ஒத்திவைத்த மகிழ்ச்சி

"படிக்கிற காலத்தில் சிரிப்பென்ன, விளையாட்டென்ன! தேர்வு முடியட்டும், பட்டம் கிடைக்கட்டும், பதவி வரட்டும், பிறகு மகிழலாம்." இப்படிப் பேசாத பெற்றோர் எத்தனை பேர்? அன்பினால்தான் பேசுகின்றனர், மறுக்கவில்லை. ஆயினும் இந்த வாதத்தை வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோமே! இம்மையில் அல்லற்படு, மறுமையில் இன்பம் காத்திருக்கிறது என்றார்கள். கண்டவர் யார் என்று கேட்டோம். கேட்ட நாமே மாணவனிடம் மட்டும் அந்த மோட்சச் சீட்டை நீட்டலாமா?

ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் தோழர்கள் அறிவார்கள். உரிமை பற்றியும் பெண்ணடிமை பற்றியும் அவர் எழுதிய நூல்கள் சீர்திருத்தம் விழைவோர் வீடுகளில் இருக்கவேண்டியவை. அவர் மாணவராயிருந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1806இல் இலண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில், இந்திய வரலாறு எழுதியவர். மகனைத் தாமே பயிற்றுவித்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டில் இலத்தீன், பதின்மூன்றில் பொருளியல்! உழைக்கும் பழக்கம் கெட்டுவிடும் என்று விடுமுறையே தரப்படவில்லை. ஒத்த வயதுத் தோழர்களும் இல்லை. இன்றைய பயிற்சி நிலையங்கள் கண்டால் கைகூப்பும் பாடத்திட்டம்!

விளைந்தது என்ன? 1826இல், இருபதாம் வயதில், அந்த இளைஞர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். விரும்பிய சீர்திருத்தங்கள் அனைத்தும் இந்த நொடியே நிறைவேறிவிட்டால், அது மகிழ்ச்சி தருமா? தராது என்று உள்ளம் ஒளிக்காமல் சொல்லிற்று. சரிந்தார். அறிவு மங்கவில்லை, வேலையும் நிற்கவில்லை. பழக்கத்தின் வேகத்தில் இயந்திரம்போல் நடந்துகொண்டிருந்தது. ஆனால் எதிலும் சுவையில்லை. இந்நிலையை ஓராண்டுக்குமேல் தாங்கமுடியாதென்றே எண்ணினார்.

மீட்டது எது? பட்டமல்ல, பதவியல்ல. மார்மொந்தேல் என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பக்கம்: தந்தையை இழந்த சிறுவன், குடும்பத்துக்கு இனி நானிருக்கிறேன் என்று உறுதிகொள்ளும் இடம். படித்தார், அழுதார், பாரம் குறைந்தது. அதன்பிறகு வெயிலிலும் வானத்திலும், நூலிலும் உரையாடலிலும், பொதுப்பணியிலும் மெல்ல மெல்ல இன்பம் திரும்பிற்று. பெருங்களிப்பன்று, வாழப் போதுமான அளவு. தன்வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். பொதுப்பணியும் அந்த வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள்! சிறு இன்பம் பெரிய குறிக்கோளைக் கெடுக்கவில்லை. செத்துக் கிடந்த குறிக்கோளுக்கு அதுவே உயிரூட்டிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "இருப்பதில் இன்பம் காண்" என்பது ஏய்ப்பவனின் குரலாகவும் இருக்கக்கூடும். கூலி உயர்வு கேட்டவனுக்கு நிலவின் அழகைக் காட்டிய கூட்டத்தை நாம் அறியோமா? பசித்த வயிற்றுடன் முதல் மணிக்கு வந்தமரும் பிள்ளையிடம் காலைத் தென்றலைப் புகழ்வது கொடுமை. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்றே, அந்தச் சூடான உப்புமாதான் அப்பிள்ளைக்கு முதல் மகிழ்ச்சி. வானம் பிறகு.

ஆனால் வயிறு நிறைந்த பிறகும் வானத்தைப் பார்க்க விடாதது நம் குற்றம். அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலார் கல்லூரி மாணவர் சிலரை, வாரந்தோறும் தமக்கு வாய்த்த நல்லவற்றுள் ஐந்துவரை எழுதிவரச் செய்தனர். பத்து வாரம். தொல்லைகளை எழுதியோரைவிட அவர்கள் வாழ்வைப் பற்றி நிறைவாகவே பேசினர். உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்தனர். 2003இல் வெளிவந்த ஆய்வு இது. யாருக்கு நன்றி என்று கேட்கும் தோழருக்குச் சொல்வோம்: குறிப்பேடு கொடுத்த நண்பனுக்கு, விளக்கை அணைக்காமல் விழித்திருந்த அன்னைக்கு. அதற்குமேல் முகவரி தேடவேண்டியதில்லை.

விடுமுறை அறியாமல் வளர்ந்த மில், பின்னாளில் செடிகொடி தேடி நெடுந்தொலைவு நடப்பதை வழக்கமாக்கிக் கொண்டார். 1873 மே மாதம், பிரான்சில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பும், பூச்சியியல் அறிஞர் ஃபாபருடன் செடிகளைத் தேடிக்கொண்டு பல மைல் நடந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.