கொல்லாமையும் உழவும்

திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். உழவுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒருசேரக் கற்கும் மாணவன் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ஏர்முனை மண்ணைக் கிழிக்கும்போது எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. அங்ஙனமாயின், உழவன் அறவோன் ஆவது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. அங்கு வாழும் உயிர்களுள் நூற்புழு ஒன்று. வளமான மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளினால் அதில் ஆயிரக்கணக்கான நூற்புழுக்கள் இருக்கும். எனினும் வெறுங்கண்ணுக்கு அவை புலப்படுவது அரிது. அவற்றுள் ஒரு பகுதியே பயிரின் வேரை உண்பது. வேறு சில பாக்டீரியாக்களை உண்டு, தமக்கு மிஞ்சிய நைட்ரஜனைப் பயிர் உறிஞ்சத்தக்க வடிவில் வெளியிடுகின்றன. சில பூஞ்சைகளை உண்கின்றன. இன்னும் சில, பிற நூற்புழுக்களையே வேட்டையாடி அவற்றின் பெருக்கத்தை அடக்குகின்றன. உணவளிப்போரும் கள்வரும் காவலரும் ஒருங்கே வாழும் ஊர் போன்றது மண்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எண்ணிப் பார்ப்போம். அதன் சரிவுகளில் தக்காளியும் முட்டைக்கோசும் தீவிரமாகப் பயிரிடப்படுகின்றன. இத்தகைய காய்கறி நிலம் எதுவாயினும், ஒரே பயிரை ஓய்வின்றி மீண்டும் மீண்டும் நட்டால் அப்பயிரை விரும்பும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அஃது ஓயாத விருந்தாகும். அதன் பெண்புழு ஒன்றே நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அதே வேளையில், இடைவிடாத உழவும் உரமும் நஞ்சும், மெதுவாகப் பெருகும் வேட்டைப் புழுக்களை முதலில் குறைத்துவிடுகின்றன. கள்வர் பெருகக் காவலர் அருகுகின்றனர். எஞ்சி நிற்கும் நூற்புழுக்களின் வகையைக் கொண்டே நிலம் எவ்வளவு அலைக்கழிக்கப்பட்டது என்று மதிப்பிடும் முறையை, நெதர்லாந்து அறிஞர் டாம் பாங்கர்ஸ் 1990இல் வெளியிட்டார்.

பகையைத் தானே வளர்த்த மனிதன், பின்னர் அதனை ஒழிக்க நஞ்சைத் தேடினான். டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லி அவ்வாறு பரவியதே. அதனைத் தயாரித்த கலிபோர்னியா ஆலை ஒன்றின் தொழிலாளர் பலர் மலட்டுத்தன்மைக்கு உள்ளானமை 1977இல் தெரியவந்தது. புழுவின் குலத்தை அழிக்கப் புறப்பட்ட நஞ்சு, மனிதனின் குலத்தையும் தீண்டிற்று. உயிர்களிடையே மனிதன் இட்ட எல்லைக்கோட்டை நஞ்சு அறியுமோ?

உழவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நேர்மையன்று. கேமரன் மலையில் பயிரிட்டோர் பலர், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தற்காலிக உரிமத்தை நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு தன்னுடையதாய் இராத நிலத்திற்கு, பத்தாண்டுக்குப் பின் பயன்தரும் நன்மையைச் செய்ய எத்தனை பேர் துணிவர்? ஆண்டு முழுவதும் ஒரே காய்கறியை, மலிந்த விலையில், மாசுமறுவின்றி வேண்டுவோரும் அப்பழியில் பங்காளிகளே. நிலத்தில் நிலைத்த உரிமையும் விளைபொருளுக்கு நியாய விலையும் இன்றி அறத்தை எதிர்பார்ப்பது, வெறும் உபதேசமாகவே முடியும்.

ஆயினும் வழி உண்டு. பயிரை மாற்றி நடலாம். மட்கிய எருவால் மண்ணைப் பேணலாம். வேர்முடிச்சு நூற்புழுக்களில் சில வகைகளைக் கட்டுப்படுத்தும் செண்டுமல்லியை இடைப்பருவத்தில் வளர்க்கலாம். இவற்றாலும் சில புழுக்கள் மடியவே செய்யும். ஆனால் ஓர் உயிர் மடிவது வேறு; உயிர்கள் ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் வாழும் ஒழுங்கே குலைவது வேறு. முன்னது உழவில் தவிர்க்க இயலாதது. பின்னது தவிர்க்கக் கூடியது. தவிர்க்கக் கூடிய அழிவைத் தவிர்ப்பதே உழவனுக்குரிய கொல்லாமை. அதற்கு ஏற்ற விலையைக் கொடுப்பது, அவன் விளைத்ததை உண்போர் அனைவரின் கடமை.