அறிவுக்கு அளவை யாது? கிறித்தவர் கொள்கையும் சைவாசிரியர் கடமையும்

இது மெய்யென்று கூறுவார் பலர். இது மெய்யென்பதை எதனாலறிந்தாய் என்று வினாவுவார் சிலர். பின்னைய வினாவே அளவை நூலுக்கு வித்தாயது. மாணாக்கர்க்கு மெய்ந்நெறி புகட்டும் சைவாசிரியர்கள் இவ்வினாவை அஞ்சாது எதிர்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே இவ்வினா ஒரு வித்தியாசாலையினின்று எழுந்த வரலாறுண்டு. அதனை முதற்கண் ஆராய்வாம்.

அமெரிக்க மிசனாரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே செமினரி ஒன்றை நிறுவினர். அதன் தலைவராயிருந்த தானியேல் பூவர் பாதிரியார், 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் தேதி நிகழவிருந்த சந்திரகிரகணத்தின் தொடக்கம், அளவு, கால நீட்சி என்பவற்றில், அராலி விசுவநாத சாத்திரியாரது பஞ்சாங்கம் தங்கணிதத்தோடு மாறுபடுதலை முன்னரே எடுத்துக்காட்டினர். அன்றிரவு வானம் பாதிரியார் கணிதத்திற்கே சான்று பகர்ந்தது. மிசனாரிமார் இதனைப் புராணங்களின் பொய்ம்மைக்குச் சான்றாகக் காட்டினர். பஞ்சாங்கம் பிழைத்தது, ஆகவே புராணம் பிழைத்தது, ஆகவே சைவமும் பிழைத்தது என்பதே அவ்வாதத்தின் போக்கு.

இவ்வாதத்தின் முதற்படி உண்மை. அதனை மறுத்தல் சைவர்க்கு அழகன்று. பின்னிரு படிகளோ முதற்படியினின்று பிறப்பனவல்ல. என்னையெனின், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆறென்பாரையும் பத்தென்பாரையும் எடுத்தோதி, அவையனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கினர். கிரகண கணிதம் கருதலளவையின்பாற்படும். அதனைச் சோதிப்பது காண்டல். கண்ணெதிரே கணிதம் பிழைப்பின் திருத்தற்குரியது கணிதமே. இது பிறர் கற்பித்த பாடமுமன்று. கேரள நாட்டுப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை நோக்கிப் பழைய கணிதத்தைத் திருத்தி, 1431ஆம் ஆண்டிலே திருக்கணித முறையை வகுத்தனர். இராகு விழுங்குதலன்று, நிழல் மறைத்தலே கிரகணமென்பதை ஆரியபடர் 499ஆம் ஆண்டிலேயே எழுதினர். யாழ்ப்பாணத்தில் வாக்கியமும் திருக்கணிதமுமாகிய இருவகைப் பஞ்சாங்கங்களும் இன்றும் வழங்குதலை மாணாக்கர் அறிவர். கணிதம் மாறியும் திருநீற்றின் பொருள் மாறிற்றில்லை.

அன்றியும், அவ்வாதத்தை எறிந்தவர்மீதே அது மீளும். அயர்லாந்து தேசத்து அத்தியட்சர் அசர் என்பவர் 1650ஆம் ஆண்டில் விவிலியத்தைக்கொண்டு உலகத்தோற்றம் கி. மு. 4004 என்று கணித்தனர். நில நூல் அதனைத் தள்ளிற்று. 1633ஆம் ஆண்டில் உரோமைச் சபை கலிலேயோவைத் தண்டித்தது. இவற்றால் கிறித்தவம் முழுதும் பொய்யாயிற்றென்று நாம் கூறின், அதுவும் வழுவே. பிறர்க்கு ஓர் அளவுகோலும் தமக்கோர் அளவுகோலும் கொள்ளலாகாது. ஆறுமுக நாவலர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு அவர்தம் வேதத்துள்ளே அவற்றையொத்த கிரியைகள் இருத்தலைக் காட்டியதும் இந்நெறிபற்றியேயாம்.

இனி, கிறித்தவ அறிஞர் தம்முள்ளும் அளவை பற்றி ஒருமை இல்லை. தாமசு அக்குவினார் (1225–1274), கடவுள் உளரென்பது உலகத்தைக்கொண்டு கருதலால் அறியப்படும், மூவொருமை முதலியன வெளிப்பாட்டால் மாத்திரம் அறியப்படும் என்று பகுத்தனர். பேலி என்பவர் 1802ஆம் ஆண்டில், உலகின் அமைப்பைக்கொண்டு அமைத்தோனை அனுமித்தனர். உலகமாகிய காரியத்தைக்கொண்டு கருத்தாவை நிறுவும் நம்மாசிரியர்க்கு இது புதிதன்று. அமெரிக்க அறிஞர் பிளாண்டிங்கா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, கடவுளுணர்வு அனுமானத்தை வேண்டாது, நினைவும் காட்சியும் போல அடிப்படையாகவே நியாயமுடையதாகலாம் என்றனர். இது கூரிய வாதம். ஆயினும், இவ்வாறு ஒவ்வொரு சமயத்தாரும் கூறலாமாதலின், எம்மெய்ம்மை மெய்யென்னும் வினா அதனால் முடிவுபெறாது.

இதுவே நமக்கும் எழும் தடை. ஆகமம் கூறிற்று, வாய்மூடுக என்று ஆசிரியர் அதட்டுவராயின், வேதாகமம் கூறிற்றென்னும் பாதிரியாருக்கும் அவருக்கும் வேற்றுமை யாது? உரையளவை சிறந்ததேயெனினும், அது யுத்திக்கு இயைந்து அனுபவத்தில் முதிர்தல் வேண்டுமென்பது பற்றியன்றோ சுருதி, யுத்தி, அனுபவம் என மூன்றையும் சேர்த்தோதினர் பெரியோர்.

கிறித்தவ நூல்களுள் ஆசிரியர்க்கு மிகப் பயன்படுவதொன்று அகுத்தீனார் (354–430) இயற்றிய ஆசிரியர் என்னும் உரையாடல். தம்மைந்தனோடு உரையாடும் அவர், வெளியாசிரியன் சொல்லால் குறிப்புக் காட்டுகின்றானேயன்றி மெய்ம்மையைப் புகட்டுகிலன், உள்நின்று ஒளிதரும் இறைவனே மெய்யாசிரியன் என்று முடிக்கின்றார். கண்ணுக்கு உயிரும் உயிருக்கு இறைவனும் நின்று காட்டினாலன்றி ஒன்றும் அறியப்படாதென்னும் சித்தாந்தத்தோடு இஃது எத்துணை அணித்தாய் நிற்கின்றது! வேறுபாடு ஒன்றுண்டு. அகுத்தீனார் அவ்வுள்ளாசிரியனைக் கிறித்துவென்று வரையறுத்தார். சித்தாந்தமோ பாசஞானம், பசுஞானம், பதிஞானம் எனப் படிவகுத்து, சார்ந்ததன் வண்ணமாகும் உயிர் மலம் நீங்குமளவில் அவ்வொளி விளங்குமென்றது. ஆகவே அறியாமைக்கு நூலில்லாமை மாத்திரம் காரணமன்று. அறிவோனது மாசும் காரணமாம்.

ஆசிரியர்காள்! காண்டற்குரியதைக் காட்டுங்கள், கருதற்குரியதைக் காரணத்தோடு நிறுவுங்கள், உரைக்குரியதை உரையென்றே சொல்லுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பயின்ற மாணாக்கன், ஒரு கிரகணம் பிழைத்த நாளிலே தன் சமயத்தையும் இழப்பான். மூன்றையும் பகுத்தறிந்தவனோ பூவர் பாதிரியாரிடம் வானநூல் கற்றும் சைவனாய் நிலைப்பான்.