அழைப்பிதழில் எழுதப்படும் தலம்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் போன்ற ஊர்களின் திருமண வீட்டார், மணம் நிகழவிருக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் முகப்பையும் அருகே ஓடும் முல்லையாற்றையும் ஓவியமாக்கி அழைப்பிதழில் அச்சிடுவார்களாயின், மணம் முடிந்தபின் அத்தாளைக் குப்பையில் இடலாமா என்னும் கேள்வி எழுகிறது. ஆகமங்கள், அதாவது கோயில் அமைப்பையும் வழிபாட்டையும் வகுக்கும் நூல்கள், திருமேனிக்குள் தெய்வத்தை எழுந்தருளச் செய்யும் சடங்கைப் பிரதிஷ்டை என்றும், திருப்பணிக்காலத்தில் அந்த ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றுவதைக் கலாகர்ஷணம் என்றும் கூறுவதால், இவ்விரண்டும் நிகழாத அச்சுத்தாள் வெறும் தாளே என்று வாதிடலாம். எனினும் ஓவியர் இரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் தெய்வப் படங்கள் எச்சடங்குமின்றியே வீடுகளில் பூசை பெற்றன. மஞ்சள் தடவிய முதல் அழைப்பிதழைக் குலதெய்வத்தின் முன் வைப்போருக்கும் இவ்வாதம் நிறைவளிக்காது. கோயில் முகப்பை விடுத்து, நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகறிந்த, பொட்டிப்புரத்தை அடுத்த அம்பரப்பர் மலையை மட்டும் வரைவது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் சுயம்பு, அதாவது எவரும் நிறுவாமல் தானே தோன்றியது, என்னும் கருத்தை ஏற்போருக்கு மலையின் புனிதம் எந்தப் பிரதிஷ்டையையும் சார்ந்ததன்று என்பதால், சிக்கல் குறையாமல் கூடவே செய்கிறது.