சபையில் "அப்பா", வீட்டில் "பெருசு"

தியானப் பகுதி: ரோமர் 8:15, யாத்திராகமம் 20:12



ஞாயிறு ஆராதனையில் நாம் கைகளை உயர்த்தி அதிகமாய்ச் சொல்லுகிற வார்த்தை எது? "அப்பா". "ஸ்தோத்திரம் அப்பா, நன்றி அப்பா" என்று கண்ணீரோடே சொல்லுகிறோம். நல்லது. அதே வாய் வீட்டுக்குப் போனதும் பெற்ற தகப்பனை எப்படிக் கூப்பிடுகிறது? பாட்டியை எப்படிக் கூப்பிடுகிறது? இந்த மாதம் ஆவியானவர் இந்தக் கேள்வியைத்தான் நமக்கு முன்பாக வைக்கிறார்.

1. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பச்சைப் பிள்ளையின் வாய்க்கு முதலில் வசப்படுவது உதட்டை மூடித் திறந்து எழுப்புகிற சத்தம்தான். மா, பா, அம், அப். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியறிஞர் 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். உலகத்தின் பல மொழிகளிலிருந்து தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய 1,072 சொற்களைத் திரட்டியிருந்தார்கள். அவற்றில் இப்படிப்பட்ட சத்தங்களே மிகுதி. ஜார்ஜியா நாட்டில் தகப்பனை "மாமா" என்றும் தாயை "தேதா" என்றும் கூப்பிடுகிறார்கள்! சத்தத்தைப் பிள்ளை கொடுக்கிறது. அது யாருக்கு என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஏசாயா 8:4-ஐ வாசித்துப் பாருங்கள். தமஸ்கும் சமாரியாவும் எவ்வளவு சீக்கிரம் கொள்ளையாகும் என்பதற்கு தேவன் ஒரு காலக்கணக்கு சொல்லுகிறார். தீர்க்கதரிசியின் குழந்தை அப்பா, அம்மா என்று கூப்பிடத் தெரிந்துகொள்ளும் முன்னே அது நடக்கும் என்கிறார். ராஜ்யங்களின் முடிவை ஒரு மழலைச் சொல்லால் அளந்த தேவன் நம்முடைய தேவன். அல்லேலூயா!

இயேசு பேசிய அரமேய மொழியிலும் தகப்பனுக்கு "அப்பா" என்றே சொல். தமிழும் அரமேயமும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஆனாலும் பிள்ளைகளின் வாய் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. இந்த அரமேயச் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. மூன்று இடத்திலும் அந்தச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் பிதா என்ற சொல்லையும் எழுதியிருக்கிறார்கள். சிலர் இதை வெறும் குழந்தை மொழி என்று பிரசங்கிக்கிறார்கள். அப்படி அல்ல. வளர்ந்தவர்களும் தங்கள் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நமக்கு இது புரியும். நம் ஊரில் அறுபது வயதுக்காரரும் தன் தகப்பனை அப்பா என்றுதானே கூப்பிடுகிறார்! அதில் செல்லமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

2. முறைப்பெயர் ஒரு சுதந்தரம்

பழைய ஏற்பாட்டு எபிரெயத்தில் தாத்தாவுக்கும் தகப்பன் என்ற சொல்லையே வழங்கினார்கள். 2 சாமுவேல் 9-ம் அதிகாரத்தில் தாவீது மேவிபோசேத்திடம் பேசும்போது, சவுலை அவனுடைய தகப்பன் என்றே சொல்லுகிறான். சவுல் அவனுக்குத் தாத்தா அல்லவா? லோதேபாரில் ஒதுங்கிக் கிடந்த அந்த முடவனுக்கு, தாத்தாவின் நிலம் முழுவதும் அந்த உறவின் பேரில் திரும்பக் கிடைத்தது.

நமக்கோ கர்த்தர் எத்தனை பெயர்களைக் கொடுத்திருக்கிறார்! கொங்கு நாட்டில் அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. மதுரை, சிவகங்கைப் பக்கம் அப்பாவின் தாய் அப்பத்தா. திருநெல்வேலியில் ஆச்சி. நாகர்கோவில் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா. சொல்லும்போதே யார் வழி என்று தெரிந்துவிடும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதில் ஒரு பெயராவது தெரியும்?

டாடி, மம்மி என்று கூப்பிடுவது பாவமா என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லில் பாவம் இல்லைங்க. சொல்லுக்குப் பின்னால் இருக்கிற இருதயத்தைத்தான் கர்த்தர் பார்க்கிறார். ஆனாலும் தாத்தாவும் ஆச்சியும் ஆசையாய்க் காத்திருக்கிற அந்தப் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நமக்கு என்ன செலவு?

புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, 2 தீமோத்தேயு 1:5. கிரேக்கத்தில் அது "மம்மே". அதுவும் மழலையில் பிறந்த சொல்தான். பவுல் அங்கே பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதுகிறார். ஏன்? தீமோத்தேயுவின் விசுவாசம் அந்த வழியாய் வந்தது. பாட்டியின் பெயர் மறந்துபோகிற வீட்டில் பாட்டியின் ஜெபமும் மறந்துபோகும்.

3. பெயர் இழந்தவர்கள்

ஒரு கிராமத்து வீட்டில் ஜெபிக்கப் போனபோது, திண்ணையில் படுத்திருந்த ஒரு வயதான தாயார் சொன்னார்கள்: "ஐயா, ஆச்சின்னு என்னை ஒரு பிள்ளை கூப்பிட்டு எத்தனையோ நாளாச்சு. 'ஏ'ங்காவ, 'இந்தா'ங்காவ. எனக்குச் சோறு வருது ஐயா, பேரு வரல."

பிரியமானவர்களே, சோறு போட்டுவிட்டேன், கடமை தீர்ந்தது என்று நினைக்காதிருங்கள். பெருசு, கெழடு, அது, இது என்று சொல்லுகிற வாய் கர்த்தரை எப்படி அப்பா என்று கூப்பிடும்? கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத தேவனை நேசிப்பது எப்படி என்று யோவான் கேட்கிறார். கண்ட தகப்பனுக்கும் அதே கேள்விதான்.

மறுபக்கமும் உண்டு. வாய் நிறைய அம்மா, அப்பா என்று சொல்லிவிட்டு, மருந்துக்குக் காசு கேட்டால் முகத்தைத் திருப்புகிறவர்களும் உண்டு. மாற்கு 7-ல் கொர்பான் என்று காணிக்கையைக் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். நம் தேசத்தில் 2007-ல் இதற்கென்று ஒரு சட்டமே போட வேண்டியதாயிற்று. பராமரிக்க வேண்டிய பிள்ளைகள் என்பதில் அந்தச் சட்டம் பேரன் பேத்திகளையும் சேர்க்கிறது. பவுலோ அதை 1 தீமோத்தேயு 5:4-லேயே சொல்லிவிட்டார்! தீர்ப்பாயம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா? வேதம் சொன்னால் போதாதா?

4. "அப்பா" என்று சொல்ல முடியாதவர்களுக்கு

ஒரு வாலிபத் தம்பி என்னிடம் சொன்னான்: "ஐயா, எல்லாரும் அப்பான்னு ஜெபிக்கிறாங்க. எனக்கு அந்த வார்த்தை வந்தாலே பெல்ட் அடிதான் ஞாபகம் வருது." குடிகாரத் தகப்பன். நான் அவனை வற்புறுத்தவில்லை. "தம்பி, நீ ஆண்டவரே என்று கூப்பிடு, அவருக்குக் கேட்கும்" என்றேன்.

இயேசு அப்பா என்று சொன்னதாய் மாற்கு எழுதியிருக்கிற இடம் எது தெரியுமா? கெத்செமனே. வியாகுலத்தின் இடம். கதறுகிறவர்களின் வாயிலிருந்தும் வருகிற வார்த்தை அது. தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்ளுவார் என்று சங்கீதம் 27:10 சொல்லுகிறது. ரோமர் 8:15-ன்படி, அந்தக் கூப்பிடுதலை நமக்குள் உண்டாக்குகிறவர் ஆவியானவரே. அவர் உன் காயத்தை ஆற்றுவார். அந்த வார்த்தையை அவரே உனக்குப் புதிதாக்கித் தருவார்.

5. இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஒன்று, உங்கள் குடும்பத்து முறைப்பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தாத்தா பாட்டிகளின் பெயர்களை வேதாகமத்தின் முதல் தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு, வெளியூரில் இருக்கிறவர்கள் இன்றைக்கே போன் செய்து, முதல் வார்த்தையாக "அம்மா", "அப்பா" என்று கூப்பிடுங்கள். அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.

மூன்று, சபையில் தனியாய் இருக்கிற முதியோரை முறை சொல்லிக் கூப்பிடுங்கள். முதிர்வயதுள்ளவர்களைத் தகப்பன் போலவும் தாய் போலவும் நடத்தும்படி 1 தீமோத்தேயு 5:1-2 போதிக்கிறது. சிலுவையில் தொங்கும்போதும் இயேசு தம்முடைய தாயை யோவானுக்குத் தாய் என்று காட்டினார். அந்த நேரமுதல் அவன் அவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். முறை வந்தால் பொறுப்பும் வரும்.

திண்ணையில் ஒரு செவி காத்திருக்கிறது. போய்க் கூப்பிடுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்மைக் கூப்பிடுகிற எங்கள் நாவைப் பரிசுத்தப்படுத்தும். எங்கள் வீடுகளில் மறந்துபோன பெயர்கள் மறுபடியும் கேட்கப்படட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டுப் பெரியோரையும் ஆசீர்வதிப்பாராக.