நவம்பர் ஒன்றும் நாட்டுப்பற்றும்

ஒவ்வொரு நவம்பர் 1 அன்றும் நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு அரசு சார்பில் மாலை அணிவிக்கிறார்கள். 1956-ல் அந்த நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. அந்த இணைப்புக்காக ஓர் அரசாங்கத்தை எதிர்த்து நின்ற நேசமணிக்கு இன்னோர் அரசாங்கம் மாலை போடும் நாள் இது. நாட்டுப்பற்று என்பது ஆள்வோருக்கு அடங்கி நடப்பதுதானா என்ற கேள்வியை இந்த நாளில் கேட்டே ஆக வேண்டும்.

1954 ஆகஸ்ட் 11. இணைப்பைக் கேட்டுப் போராடிய, நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அன்றைய தினத்தை விடுதலை நாளாக அறிவித்திருந்தது. புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. அவர் யார் என்பதை நினைத்தால்தான் இதன் கொடுமை முழுவதும் புரியும். 1938-ல் பொறுப்பாட்சி கேட்டு, திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை போன திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் தலைவர் அவர். 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் அறிவித்தபோது அதையும் எதிர்த்தவர்கள் அந்தக் கட்சியினர். திவானின் கணக்கில் அவர்கள் ராஜத் துரோகிகள். அந்தத் துரோகத்தால்தான் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர வழி பிறந்தது. அப்படிப்பட்டவரின் ஆட்சியிலேயே, உரிமை கேட்டு வந்தவர்கள் அடக்கப்பட வேண்டியவர்களாகிப் போனார்கள். அதிகாரத்தில் இருப்பவர் தம்மையே நாடாக நினைத்துக்கொள்ள அதிக காலம் பிடிப்பதில்லை.

அந்த ஆட்சி பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி. கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சுதந்திர இந்தியாவில் மக்கள்மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று சொன்னார். தன் கட்சிக்குக் கிடைத்த அரிய ஆட்சி அது என்று அவர் தயங்கவில்லை. கட்சி ஏற்கவில்லை. அவர் பொறுப்பை உதறினார். பிறகு கட்சியை விட்டே பிரிய நேர்ந்தது. குமரிக்காரர்களின் கோரிக்கைக்கும் அவருக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை. கட்சி விசுவாசம் என்பதைத் தலைமையின் முடிவுக்குத் தலையாட்டுவதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கட்சி எதற்காகத் தோன்றியதோ அதற்குக் கட்டுப்பட்டிருப்பதே விசுவாசம் என்று கொண்டார். நாட்டு விசுவாசத்துக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்.

ஆனால், ஆளாளுக்குத் தனக்குப் பிடிக்காத அரசை உதறலாம் என்றால் நாடு நிலைக்குமா? இது தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. சட்டத்துக்குக் கட்டுப்படுவது எல்லோருக்கும் கடமை. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. குமரியில் நடந்த போராட்டத்தைப் பார்த்தால் பதில் ஓரளவு தெளிவாகும். நேசமணி இந்தியாவை விட்டுப் பிரியக் கேட்கவில்லை. முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியில் நின்று ஜெயித்து, மக்களவைக்குப் போய்க் கேட்டார். தோழர்கள் மறியல் செய்தார்கள், சிறை போனார்கள். தங்கள் கோரிக்கைக்கு உரிய விலையைத் தாங்களே கொடுத்தார்கள். அதை அடுத்தவன் தலையில் கட்டுகிறவனின் எதிர்ப்பையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நவம்பர் 1-ன் மகிழ்ச்சியில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. எல்லை கீறியபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்குள்ள தமிழர்கள் விரும்பியது நடக்கவில்லை. விளவங்கோட்டில் வீட்டுக்குள் மலையாளம் பேசும் குடும்பங்கள் தமிழகத்துக்குள் வந்தன. அவர்களில் எத்தனையோ பேருக்கு மனம் திருவனந்தபுரத்தின் பக்கமே இருந்திருக்கும். அதைத் துரோகம் என்று சொல்ல யாருக்கு உரிமை? தாய்மொழியை வைத்து நாட்டுப்பற்றை அளக்கலாம் என்றால் உதயகிரிக் கோட்டைக்குப் போய் டிலனாயின் கல்லறையைப் பார்க்க வேண்டும். குளச்சலில் 1741-ல் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்தவர் அவர். சிறைப்பட்ட பிறகு, தம்மை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையையே பயிற்றுவித்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் திருவிதாங்கூருக்கு உழைத்து, 1777-ல் இந்த மண்ணிலேயே இறந்தார். கூரை இல்லாத சிற்றாலயத்துக்குள், லத்தீனும் தமிழும் பொறித்த கல்லுக்கு அடியில் இருக்கிறார். அவரை இங்கே நிறுத்தியது பிறப்போ மொழியோ அல்ல. கைதியாக வந்தவரை நம்பி ஒரு படையையே ஒப்படைத்தார்கள். நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்கியது.

விசுவாசத்தைக் கேட்கும் உரிமை, முதலில் நீதி செய்யும் அரசுக்கே உண்டு. வாக்குரிமை கொடுத்துவிட்டு, வாய் திறந்தவனைச் சுட்டுவிட்டு, அடுத்த வாரம் கொடிக்கு வணக்கம் செய் என்று சொன்னால் கை உயரலாம், மனம் உயராது. 1954-ல் துப்பாக்கிச் சூட்டுக்கும் சுதந்திர தினத்துக்கும் இடையே நான்கே நாட்கள்.

ஆகவே பள்ளிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் 1-ஐ ஒட்டிப் பள்ளிகளில் நேசமணியைப் பற்றிப் பேசும்போது புதுக்கடையையும் மார்த்தாண்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுட்டது அந்நியன் அல்ல, நாமே வாக்களித்து அமைத்த ஆட்சி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வகுப்பில் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை தலைகுனியாமல் கேட்கும்படி சொல்லுங்கள்.