அனானியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

(லெந்து காலக் கூட்டத்தில் அளித்த தேவசெய்தி)

வேதத்தை எடுத்துக்கோங்க. இரண்டாம் நாளாகமம், 16-ம் அதிகாரம். நோட்டீசில் "தேவ சிட்சை"ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்துட்டு நிறையப் பேர் எபிரெயர் 12-ஐத் திறந்து வச்சிருக்கீங்க. அதில் ஒரு காகிதத்தைச் சொருகிட்டு இங்கே வாங்க. அந்த ஆறாம் வசனம் உங்களுக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை எழுப்பிவிட்டா தூக்கத்திலேயே சொல்லும். அன்புள்ள தகப்பன் திருத்தத்தான் செய்வார்னு அடுத்த வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்ல நமக்கு நல்லாவே தெரியும். நம்மைத் திருத்த ஒரு ஆள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் எல்லா வசனமும் மறந்துபோகுது.

பின்னால நிற்கிற தம்பிகளா, உள்ளே வாங்க. முன்னால பாய் காலியாத்தான் கிடக்கு. வாங்க, வாங்க.

யூதாவின் ராஜா ஆசா. முதல்ல ஒண்ணை மனசில் வையுங்க, ஆசா நல்ல ராஜா. எத்தியோப்பியன் சேரா 10 லட்சம் பேரையும் 300 இரதங்களையும் கூட்டிக்கிட்டு மரேசா வரைக்கும் வந்துட்டான். ஆசாவிடம் யூதா, பென்யமீன் எல்லாம் சேர்த்து 5,80,000 பேர். பாதிக்குக் கொஞ்சம் மேல. அன்னைக்கு அவன் பண்ணின ஜெபம் ஒரே ஒரு வசனம், 14:11. வீட்டில் போய் வாசிங்க. அரை மணி நேரம் ஜெபிக்கிறவங்க ரெண்டு தடவை வாசிங்க. (சிரிப்பு) கர்த்தர் ஜெயம் கொடுத்தார்.

அடுத்த அதிகாரத்தில் ஓதேதின் மகன் அசரியா எதிரே வந்து, கர்த்தரை விட்டா என்ன ஆகும்னு நேருக்கு நேர் சொல்றான். ஆசா கேட்டான். கேட்டதோட நிற்கலை, தாயாகிய மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கினான். அந்த அம்மா வச்சிருந்த விக்கிரகத்தை நொறுக்கி கீதரோன் ஆற்றங்கரையில் சுட்டெரிச்சான். என்ன தைரியம் பாருங்க! நம்ம வீட்டில் மாமியார் மாட்டின காலண்டரை நம்மால கழற்ற முடியுமா?

அப்படிப்பட்ட மனுஷன். சாட்சியுள்ள மனுஷன். இப்போ அவன் அரசாட்சியின் 36-ம் வருஷத்துக்கு வாங்க.

இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமாவைக் கட்டி வழியை அடைக்கிறான். ஆசா என்ன பண்ணினான்? கர்த்தருடைய ஆலயத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, தமஸ்குவில் இருந்த சீரிய ராஜா பெனாதாத்துக்கு அனுப்பினான். நீ வந்து பாஷாவை அடின்னான். அவனும் அடிச்சான். பாஷா வேலையைப் போட்டுட்டு ஓடிட்டான். ஆசா அந்தக் கல்லையும் மரத்தையும் எடுத்துட்டு வந்து கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். கவனிச்சீங்களா? திட்டம் பலிச்சிருக்கு! ஊரே கைதட்டியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கர்த்தர் அனானிங்கிற தீர்க்கதரிசியை அனுப்புறார்.

தோத்துப்போனவனைத் திருத்துறது சுலபம், பாதி உடைஞ்சே உட்கார்ந்திருப்பான். ஜெயிச்சவன்கிட்ட போய், நீ ஜெயிச்ச வழி தப்புன்னு யார் சொல்றது? பிள்ளைக்கு வேலை கிடைச்சாச்சு. நிலப் பத்திரம் கைக்கு வந்தாச்சு. சேகரக் கமிட்டித் தேர்தல்ல ஜெயிச்சாச்சு. எப்படிக் கிடைச்சதுன்னு நாமளும் கேட்கிறதில்லை. நேரே சாட்சி நேரத்துக்கு வந்து "கர்த்தர் கொடுத்தார்"னு மைக்கைப் பிடிச்சிடுறோம். அனானி கேட்டான். எத்தியோப்பியர் வந்தப்போ யாரை நம்பினே, இப்போ யாரை நம்பினேன்னு கேட்டான். ஒன்பதாம் வசனத்தில் கர்த்தருடைய கண்களைப் பற்றிச் சொல்றானே, நாம வாக்குத்தத்த அட்டையில் அச்சடிச்சுச் சுவரில் ஒட்டுறோமே, அது ஒரு ராஜாவைக் கடிந்துகொள்ளும்போது சொன்னது. நாம முன்பாதியை அட்டையில் போட்டுட்டோம், பின்பாதியை விட்டுட்டோம்.

ஆசா என்ன பண்ணினான்? பத்தாம் வசனம். சொல்லுங்க. ஆமா, காவலறையில் வச்சான்! பத்திரிகை மாதிரி ஓட்டி வாசிச்சிடாதீங்க. ஒரு காலத்தில் தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டுத் தாயையே விலக்கினவன், இப்போ தீர்க்கதரிசியைப் பிடிச்சு உள்ளே போட்டான். புதுசா விசுவாசத்துக்கு வந்த பிள்ளைகளை நினைச்சு நான் அதிகம் பயப்படலை. 30 வருஷம், 40 வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்தவங்களே, உங்களுக்காகத்தான் பயப்படுறேன். நமக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாத ஒரு இடத்துக்கு நாம வந்துடுறோம்.

"நாங்க யாரையும் ஜெயில்ல போடலையே ஐயா"ன்னு சொல்வீங்க. போடுறோம்! உண்மையைச் சொன்ன தம்பியை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினோமே, அது காவலறை. ஐயர் என்னைக் குத்தித்தான் பிரசங்கம் பண்ணினார்னு வீடு வீடா சொல்லி, அவருக்கு மாற்றல் வர்ற வரைக்கும் ஓயலையே, அது காவலறை. ரெண்டு வார்த்தை புத்தி சொன்ன அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமலே இருந்தோமே, அதுவும்தான். அனானியைக் காவலில் போடாதே! பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட சொல்ல வேண்டாம், அவங்க ஏற்கெனவே உங்களை நினைச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்காங்க. உங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அனானியைக் காவலில் போடாதே!

அந்த வசனத்துக்கு இன்னொரு வால் இருக்கு. அதே காலத்தில் ஜனங்களில் சிலரையும் ஆசா கொடுமையா நடத்தினான். திருத்தத்தை ஏற்காதவன் கோபம் தீர்க்கதரிசியோடு முடியாது, சோறு போடுற மனைவி தலையில் விழும், மருமகள் தலையில் விழும். அந்த வீட்டில் இருக்கிறவங்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்றேன்னு.

இங்கே ஒண்ணைச் சொல்லியே ஆகணும். சிட்சைன்னதும் நமக்கு வியாதியும் விபத்தும் கடனும்தான் ஞாபகம் வருது. அடிச்சு வளர்க்காத பிள்ளை, ஒடிச்சு வளர்க்காத முருங்கைன்னு நம்ம ஊர்ப் பழமொழி வேற. அனானி பிரம்பு கொண்டு வந்தானா? வெறும் வார்த்தை கொண்டு வந்தான். தாவீதுகிட்ட நாத்தான் ஒரு ஆட்டுக்குட்டிக் கதையோட வந்தான். அந்தியோகியாவில் பேதுருவை பவுல் எல்லாருக்கும் முன்னால கேட்டார், கலாத்தியர் 2. கர்த்தர் முதல்ல வார்த்தையைத்தான் அனுப்புறார். ஆகவே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவங்ககிட்ட போய் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்துட்டு, "என்ன பாவம்னு ஆராய்ந்து பாருங்க"ன்னு சொல்றவங்களே, தயவுசெய்து நிறுத்துங்க. யோபுவின் சிநேகிதர்களைக் கர்த்தர் கடைசியில் என்ன சொன்னார்? பிறவிக் குருடனைக் காட்டி சீஷர்கள் கேட்டப்போ ஆண்டவர் என்ன சொன்னார்? இந்தப் பக்கத்து டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் கீழே விழுந்து அடிபட்டாங்க. 1951-ல் கர்த்தருக்குள் நித்திரை அடையும் வரைக்கும் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்து எழுதினாங்க. அதைத் தண்டனைன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆசாவுக்கு 39-ம் வருஷத்தில் காலில் வியாதி வந்தது. அனானியை அடைச்சதால வந்ததுன்னு வேதம் சொல்லலை, நானும் சொல்லமாட்டேன். அவன் அப்பவும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான்னு மட்டும் எழுதியிருக்கு. உடனே, மாத்திரை சாப்பிடாதேன்னு ஐயா பிரசங்கம் பண்ணினார்னு வெளியே போய்ச் சொல்லாதீங்க. பவுல் கூடவே ஒரு வைத்தியர் இருந்தார், லூக்கா. சுகர் மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுங்க. ஆசாவின் துக்கம் வேற. 41-ம் வருஷத்தில் செத்துப்போறான், அதுவரைக்கும் அனானியை வெளியே விட்டதா ஒரு வார்த்தை இல்லை.

இப்போ அவன் மகன் யோசபாத். நேரமாச்சுன்னு கடிகாரத்தைப் பார்க்காதீங்க, பொங்கின சோறு எங்கேயும் போகாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

யோசபாத் இஸ்ரவேலின் ராஜா ஆகாபோடு சம்பந்தம் கலந்தான், ராமோத் கீலேயாத் யுத்தத்துக்குப் போனான். போறதுக்கு முன்னால, மிகாயா தீர்க்கதரிசி உண்மையைச் சொன்னதுக்கு ஆகாப் அவனைச் சிறையில் போடச் சொன்னதையும் பக்கத்தில் இருந்து பார்த்தான். எப்படியோ உயிர் தப்பி எருசலேமுக்குத் திரும்பி வர்றான். 19-ம் அதிகாரம், ரெண்டாம் வசனம். எதிரே ஒரு ஞானதிருஷ்டிக்காரன் வந்து நிற்கிறான். பேர் யெகூ. யார் மகன்? சத்தமாச் சொல்லுங்க. அனானியின் மகன்!

அனானியின் மகன் ஆசாவின் மகனுக்கு முன்னால வந்து நிற்கிறான். தன் தகப்பனை இவன் தகப்பன் எங்கே வச்சான்னு யெகூவுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் வந்தான். துன்மார்க்கனுக்குத் துணைபோகலாமான்னு கேட்டான். ஆனா யோசபாத்திடம் இருந்த நன்மையையும் மறைக்கலை. கடிந்துகொள்ளப் போறவங்க அதையும் கத்துக்கணும்.

யோசபாத் என்ன பண்ணினான்? தகப்பன் கட்டி வச்ச காவலறை அங்கேதானே இருந்திருக்கும்! சாவியும் கையில்தான். அவன் யெகூவைத் தொடலை. எழும்பி, பெயெர்செபா தொடங்கி எப்பிராயீம் மலைத்தேசம் வரைக்கும் ஜனங்களிடம் போனான், அவர்களைக் கர்த்தரிடம் திருப்பினான், பட்டணம் பட்டணமா நியாயாதிபதிகளை வச்சான். அடுத்த அதிகாரத்தில் மோவாபும் அம்மோனும் திரண்டு வர, இவன் பாடகர்களைப் படைக்கு முன்னால அனுப்பின கதை உங்களுக்குத் தெரியும். 20-ஐ எல்லாரும் பிரசங்கிக்கிறோம். 20-க்கு முன்னால 19 இருக்கு, பிள்ளைகளே.

அப்புறம் அவன் தவறவே இல்லைன்னு நினைக்காதீங்க. ஆகாபின் மகன் அகசியாவோடு சேர்ந்து கப்பல் கட்டினான். எலியேசர்ங்கிற தீர்க்கதரிசி வந்து கடிந்துகொண்டான், எசியோன் கேபேரில் கப்பல்கள் உடைஞ்சுபோச்சு. ராஜாக்கள் புஸ்தகத்தில் பாருங்க, அகசியா தன் ஆட்களையும் கப்பலில் அனுப்பட்டுமான்னு கேட்கிறான். யோசபாத் சம்மதிக்கலை.

எழும்பி நில்லுங்க. கண்ணை மூடுறதுக்கு முன்னால, நீங்க பேச்சை நிறுத்தி வச்சிருக்கிற அந்த ஒருத்தர் இந்தப் பந்தலுக்குள்ளேயே இருக்காங்களான்னு பாருங்க. இருந்தா ஐயர் ஆசீர்வாதம் கூறுறதுக்கு முன்னால போய் அவங்க பக்கத்தில் நில்லுங்க. நாங்க காத்திருக்கோம்.