கிடா முட்டும் நேரம்

தாயில்பட்டிப் பட்டாசு ஆலைகளில் பெரும்பாலோருக்குப் பீஸ் ரேட். செய்த உருப்படிக்குத்தான் காசு. நான் கணக்கு எழுதுகிறவன், மாதச் சம்பளக்காரன். மாட்டுப் பொங்கலுக்கு ஆலையைப் பூட்டினாலும் எனக்கு ஒன்றும் குறையாது.

இந்த மாட்டுப் பொங்கலுக்கு எனக்கு வேலையும் இருந்தது. விஷு ஆர்டர் பேசுமுன் பழைய பாக்கியை வசூலித்து வரத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தார்கள். ராத்திரி பஸ் சீக்கிரமே கொண்டுபோய் இறக்கிவிட்டது. கடை திறக்க நேரம் கிடந்ததால் மேத்தன் மணியைப் பார்க்க நடந்தேன்.

பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, அரண்மனைக் கட்டடம் ஒன்றின் முகப்பில் இருக்கிறது அந்தக் கடிகாரம். திருவிதாங்கூர் அரசர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் செய்தது என்கிறார்கள். டயலுக்கு மேலே தாடி வைத்த ஒரு முகம், இரு பக்கமும் இரண்டு கிடாக்கள். மணி ஆனதும் முகம் வாயைப் பிளக்கும், கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும்.

நேரம் சொல்ல இவ்வளவு கூத்து எதற்கு? வழியில் நாகர்கோவில் மணிமேடை இருக்கிறது, 1893இல் திறந்தது. முள்ளும் மணியோசையுமாகத் தன் வேலையைப் பார்க்கிறது. ஆனால் மணி பார்க்க வந்தவன் ஒரு பார்வையில் போய்விடுவான், கிடாவைப் பார்க்க வந்தவன் நிற்பான். செய்தவருக்கு அப்படி நிற்கவைப்பதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"மணி பாக்கவா நிக்கிய? இப்பம் முட்டும்" என்றார் ஓரமாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா. எட்டு ஆனது. நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்தோம். அவர் தலை தூக்கவில்லை, நார் பாட்டுக்கு விரலில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிறதுதானே என்று விட்டுவிடலாம். அவருக்கும் முழக் கணக்குதான் என்பது எனக்குத் தெரியாதா?

எங்கள் ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேர். அறைக்குள் விளக்கு கிடையாது, செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். திரி வைக்கிற பெண்களுக்கு வாசற்படி நிழல்தான் கடிகாரம். நிழல் படியை விட்டு இறங்கினால் தூக்குவாளியைத் திறப்பார்கள். விரலில் அலுமினியப் பவுடர் வெள்ளிப் பூச்சாக மின்னும், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும். சாப்பிடும்போதும் வாய்க்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்.

ஊர் திரும்பியதும் அவர்களில் ஒருவரிடம் கிடாக் கதையைச் சொன்னேன். "இதப் பாக்கவா பஸ் ஏறிப் போனீக அண்ணாச்சி? அதுக்கும் சம்பளம் உண்டோ?"

உண்டு. பஸ் செலவும் உண்டு. அவரோ அதே நாளில் வீட்டில் பொங்கல் வைத்தார், மாட்டைக் குளிப்பாட்டினார், கூலி இல்லை. சும்மா நிற்பது நல்லது, மனசுக்கு ஓய்வு என்று எழுதுகிறவர்கள் எல்லாருமே என்னைப் போலச் சம்பளக்காரர்கள்தானோ என்னவோ.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிற்கூடங்களில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அதோடு 5 பண்டிகை நாட்கள், ஆக 9 நாளும் சம்பளத்தோடு விடுமுறை. நான் எழுதுகிற கூலிப் பேரேட்டில் அப்படி ஒரு பத்தி கிடையாது. ஓர் ஆளுக்கு ஒன்பது நாள் கூலி என்ன வரும் என்று துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தேன், நான் பயந்த அளவுக்கு இல்லை. முதலாளியிடம் காட்ட வேண்டும். விஷு லோடு ஏறுகிற வரைக்கும் அவரிடம் பேச முடியாது, ஏறிய மறுநாள் காட்டலாம் என்றிருக்கிறேன்.